ஊற்று மீனும் கிணற்று நீரும்

நிலத்துக்கு உடையவன் எவனோ அவனே அந்நிலத்தின் அடியிலுள்ள நீருக்கும் உடையவன் என்பது நம் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிவரும் கொள்கை. சட்டமும் பெரும்பாலும் அதையே சொல்கிறது. வரையறுத்த கால்வாயில் ஓடாமல் நிலத்தின் அடியில் பரந்து கிடக்கும் நீரைத் தன் எல்லைக்குள் சேகரித்துத் தன் விருப்பப்படி செலவிடும் உரிமை நிலச்சொந்தக்காரனுக்கு உண்டு என்று 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏழாவது பிரிவில் கூறுகிறது. பக்கத்துக் கிணறு வற்றினால், வற்றச் செய்தவன்மீது வழக்கில்லை. ஐம்பதடிக் கிணறு வைத்திருந்தவன் ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணறு இறக்கியவனிடம் தோற்றுப்போவதை நம் அங்கத்தினர்களில் பலர் தம் தோட்டத்திலேயே கண்டிருப்பர். தமிழ்நாட்டில் 2003-இல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது நீக்கப்பட்டது.

இந்தக் கொள்கை நம் மண்ணில் பிறந்ததன்று. நம் வாசகர்களில் நெசவாளரும் இருப்பதால் அதன் பிறப்பைச் சற்றுச் சொல்லலாம். அது ஒரு பஞ்சாலைக் கிணற்றில் பிறந்தது. இங்கிலாந்தில் பஞ்சாலை முதலாளி ஒருவர் ஆலைக்கு வேண்டிய நீருக்காகத் தம் நிலத்தில் கிணறு வெட்டியிருந்தார். சிறிது தொலைவில் வேறொருவர் நிலக்கரிச் சுரங்கம் தோண்டவே கிணறு வற்றிப்போயிற்று. ஆலைக்காரர் வழக்குத் தொடுத்தார். 1843-இல் நீதிமன்றம் சுரங்கக்காரர் பக்கமே தீர்ப்பளித்தது. நிலத்தடி நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதை எவரும் அறியார். அறிய முடியாததன்மீது ஒருவனுக்கு எதிராக மற்றொருவனுக்கு உரிமை வழங்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பூமியின் உட்புறத்தைப் பற்றி அக்காலத்து மனிதர் அறிந்திருந்த அளவுக்கு அது நேர்மையான தீர்ப்பே. ஆனால் அறியாமையை அடிப்படையாகக் கொண்ட அந்தச் சட்டம், அறியாமை நீங்கிய பிறகும் இரண்டு கண்டங்களில் நிலைத்துவிட்டது.

அவற்றில் ஒன்று அமெரிக்கா. அங்கே டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஒரு ரயில்வே கம்பெனி தன் எஞ்சின்களுக்கும் பட்டறைக்கும் நீர் வேண்டி 66 அடி ஆழமும் 20 அடி அகலமும் உள்ள கிணறு ஒன்றை வெட்டி நாளொன்றுக்கு 25,000 காலன் இறைத்தது. அண்டையில் 33 அடி வீட்டுக்கிணறு வைத்திருந்தவருக்கு ஒரு குடம் நீரும் இல்லாமற் போயிற்று. 1904-இல் டெக்ஸாஸ் உச்சநீதிமன்றம், அந்தப் பஞ்சாலைத் தீர்ப்பைப் பின்பற்றி, ரயில்வேயே வென்றது என்றது. அதுமுதல், எவனுடைய பம்பு பெரிதோ அவனுக்கே நீர் என்பது அந்த ராஜ்யத்தின் நீதியாயிற்று.

இந்த நீதிக்கு அங்கே ஒரு வரம்பு கட்டியது பக்கத்துக் கிணற்றுக்காரன் அன்று. ஓரங்குலத்துக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள ஒரு மீன். இரு தரப்பாருக்கும் அதனால் நேர்ந்ததைக் கிணற்றுப் பாசனத்தார் அறிந்துகொள்வது நலம் என்று கருதுகிறோம்.

டெக்ஸாஸின் தென்நடுப்பகுதியில் எட்வர்ட்ஸ் என்னும் சுண்ணாம்புக்கற் படுகை ஒன்று வளைந்து கிடக்கிறது. ஓட்டையும் பிளவுமாய், கடற்பஞ்சு போன்ற பாறை. மேட்டுநிலத்து ஓடைகள் அந்தப் பிளவுகளின்மேல் வந்ததும் பூமிக்குள் இறங்கிவிடுகின்றன. இறங்கிய நீர் மேற்கிலிருந்து கிழக்காகவும் வடகிழக்காகவும் நகர்ந்து, நியூ பிரான்ஃபெல்ஸ் என்னும் ஊரில் கோமல் ஊற்றாகவும், சான் மார்கோஸ் என்னும் ஊரில் அதே பெயருள்ள ஊற்றாகவும் வெளிப்படுகிறது. சராசரிக் காலத்தில் கோமல் ஊற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 290 கன அடி நீர் பெருகும். மேற்கே உவால்டி, மெடினா மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் காய்கறியும் விளைவிக்கும் குடியானவர்கள். நடுவே முழுக்க இந்தப் படுகையையே குடித்து வளர்ந்த சான் அந்தோனியோ மாநகரம். கிழக்கே ஊற்றை நம்பிய ஊர்கள். அதற்கும் கீழே, ஊற்றுநீர் சென்று சேரும் குவாடலூப் ஆற்றின் பாசனத்தாரும் பட்டினங்களும். ஒரே நீருக்கு நான்கு கூட்டத்தார்.

இதில் ஒரு விந்தை கவனிக்கத் தக்கது. டெக்ஸாஸ் சட்டப்படி ஆற்றுநீர் ராஜ்யத்துக்குச் சொந்தம். அனுமதி பெற்று அளந்தே எடுக்க வேண்டும். அதே நீர் ஊற்றுக்கண்ணுக்கு ஒரு முழம் உள்ளே இருக்கும்வரை அளவில்லை, அனுமதியில்லை. ஆகவே கீழேயுள்ள ஆயக்கட்டுக்காரன் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க, மேலேயுள்ளவன் இரவும் பகலும் பம்பை ஓட்டலாம். தலைமடைக்காரனுக்கு மட்டும் நீர்முறை கிடையாது என்று ஓர் ஏரியில் விதி செய்தால் கடைமடைக்கு என்ன நேருமோ அதுவே அங்கே நேர்ந்தது.

1950-களில் அங்கே பெரும் வறட்சி வந்தது. 1956-ஆம் ஆண்டு ஜூன் முதல் நவம்பர் வரை, 144 நாட்கள், கோமல் ஊற்று அடியோடு நின்றுவிட்டது. அங்கு வாழ்ந்த ஊற்று டார்ட்டர் என்னும் சிறு மீன் அந்த இடத்தில் பூண்டற்றுப்போயிற்று. 1970-களின் நடுவில் சான் மார்கோஸ் ஊற்றிலிருந்து மீன்களைக் கொணர்ந்து மறுபடியும் விட வேண்டியதாயிற்று. அந்த மீன் மட்டுமன்று, உலகில் வேறெங்குமில்லாத உயிர்கள் பல அந்த இரண்டு ஊற்றுகளைச் சார்ந்திருக்கின்றன. படுகையின் இருட்டிலேயே பிறந்து மடியும் கண்ணற்ற வெள்ளைச் சலமாண்டர் ஒன்று; சான் மார்கோஸ் ஆற்றின் தலைப்பகுதியில் மட்டும் நீருக்குள் வளரும் டெக்ஸாஸ் காட்டரிசி ஒன்று. பின்னது நம் நெல்லுக்கு உறவுமுறையுள்ள புல் என்பதை விவசாயிகள் அறிந்தால் மகிழ்வர்.

வறட்சிக்குப் பின் 1959-இல் நிலத்தடி நீர் மாவட்டம் என்றோர் அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. இறைப்பைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. பின்னாளில் வரம்பு வைக்கும் பேச்சு எழுந்து, நகரத்தாரும் குடியானவரும் உடன்படாமையால் முறிந்தது. 1989-இல் உவால்டி, மெடினா இரண்டும் அந்த அமைப்பைவிட்டே விலகின. குடியானவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை: நகரம் வளர வளர அதன் தாகமும் வளரும், அந்த வளர்ச்சிக்கு இடம் வைக்க எங்கள் பயிரை ஏன் குறைக்க வேண்டும் என்றார்கள். ஆனால், கட்டுப்பாடில்லாத உரிமை தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்பியதை, அதற்குச் சில ஆண்டுகளிலேயே சான் அந்தோனியோவுக்கு அருகில் ஏற்பட்ட ஒரு கெளுத்தி மீன் பண்ணை பொய்யாக்கியது. அங்கே இறக்கிய குழாய்க் கிணற்றில் பம்பே வேண்டியிருக்கவில்லை. படுகையின் அழுத்தத்தாலேயே நீர் பீறிட்டது. மாநகரம் முழுவதும் செலவிட்ட நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அந்த ஒரே பண்ணை எடுத்தது. நீரை எடுத்ததற்காக எவரும் தடுக்க முடியவில்லை. மீன்கழிவு கலந்த நீரை ஆற்றில் விட்டதற்காகவே 1991-இல் அது நிறுத்தப்பட்டது. பிற்பாடு அந்த நீருரிமையை மாநகர நீர் வாரியமே விலை கொடுத்து வாங்கியது!

அதே 1991-ஆம் ஆண்டு மே மாதம், சியர்ரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மத்திய அரசாங்கத்தின் உள்துறை மந்திரிமீது வழக்குத் தொடுத்தது. அருகிவரும் உயிரினங்களைக் கொல்வதும் அவற்றுக்குத் தீங்கிழைப்பதும் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஊற்று வற்றினால் மீன் சாகும், பம்பு ஓடினால் ஊற்று வற்றும். எனவே அச்சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய மந்திரி வாளாவிருப்பது கடமை தவறுதல் என்பது வாதம். இந்த வழக்கில் வாதி வரிசையில் வந்து சேர்ந்துகொண்டவர் யாரெனில், குவாடலூப்-பிளாங்கோ ஆற்று வாரியத்தார். மீனின் பெயரால் நடந்த வழக்கில் கடைமடைக்காரனும் நின்றான் என்பதை அந்நாட்டுப் பத்திரிகைகள் அவ்வளவாகப் பெரிதுபடுத்தவில்லை. மீனுக்காக மனிதனைப் பட்டினி போடுகிறார்கள் என்று எழுதுவது எளிதாயிருந்தது போலும்.

இத்தகைய வழக்கு முற்றிலும் புதிதன்று. நெவாடா பாலைவனத்தில் டெவில்ஸ் ஹோல் என்னும் சுனையில் மட்டும் வாழும் ஒரு குறுமீனை முன்னிட்டு, சுமார் இரண்டரை மைல் அப்பால் கிணறு இறக்கிய பண்ணையொன்றின் இறைப்பை வரம்பு செய்து அமெரிக்க உச்சநீதிமன்றம் 1976-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் அந்தச் சுனை மத்திய அரசாங்கத்தின் நிலம். தன் நிலத்து நீருரிமையை அரசாங்கமே கோரிற்று. எதிரே ஒரு பண்ணை. டெக்ஸாஸிலோ ஒரு மாநகரமும் ஆயிரக்கணக்கான கிணறுகளும்.

மிட்லண்ட் நகரத்து மத்திய நீதிமன்றத்தில் நீதிபதி லூசியஸ் பண்டன் வழக்கை விசாரித்தார். 1993-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாதிகள் பக்கம் தீர்ப்பு வந்தது. வினாடிக்கு எத்தனை கன அடிக்குக் கீழ் ஊற்று இறங்கினால் எந்த உயிருக்குத் தீங்கு நேரும் என்பதை அரசாங்கம் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்றார். ராஜ்யச் சட்டசபை அந்த மே மாத முடிவுக்குள் தானே ஒரு வழி காணாவிடில், மத்திய நீதிமன்றமே இறைப்பில் தலையிட நேரும் என்பதையும் தெளிவாக்கினார். நீதிபதி கிணறுகளுக்குப் பூட்டுப் போடவில்லை. நாள் குறித்தார், அவ்வளவே. எண்பத்தொன்பது ஆண்டுகளாக அசையாத சட்டசபை நான்கு மாதத்தில் அசைந்தது. 1993 மே மாதம் எட்வர்ட்ஸ் நீர்ப்படுகை ஆணையம் அமைக்கும் சட்டம் நிறைவேறி, கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் அதில் கையெழுத்திட்டார்.

ஆணையம் உடனே வேலை தொடங்கிவிடவில்லை. தேர்தல் மூலம் அமைந்த பழைய அமைப்பை எடுத்துவிட்டு நியமன அங்கத்தினரை வைப்பது வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்று மத்திய நீதித்துறை ஆட்சேபித்தது. 1995-இல் தேர்தல் முறையாகத் திருத்தினார்கள். பிறகு மெடினாப் பகுதியினர் தொடுத்த வழக்கு. 1996 ஜூனில் டெக்ஸாஸ் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றபின்னரே ஆணையம் இயங்கலாயிற்று. அதே கோடையில் கடும் வறட்சி. சியர்ரா கிளப் மறுபடியும் பண்டனிடம் செல்ல, அவர் இறைப்பைக் குறைக்குமாறு ஆணையிட்டார். மேல்முறையீட்டு மன்றம் அதை நிறுத்தி வைத்து, 1997-இல் தள்ளியும் விட்டது. ராஜ்யமே ஓர் அமைப்பை ஏற்படுத்திய பிறகு மத்திய நீதிமன்றம் அதில் புகவேண்டாம் என்பது காரணம். முறையான முடிவென்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி அந்தச் சட்டம் கிணற்றுக்காரனுக்குச் செய்தது என்ன என்பதைப் பார்ப்போம். படுகை முழுவதற்குமாக ஆண்டுக்கு 4,50,000 ஏக்கர்-அடி என்று முதலில் தலைவரம்பு வைத்தார்கள். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி. நம் அணைக்கட்டுக் கணக்கில் சொன்னால் அத்தலைவரம்பு ஏறத்தாழ 19.6 டி.எம்.சி. ஆகும். 1972 ஜூன் முதல் 1993 மே முடிய உள்ள காலத்தில் எவர் எவ்வளவு எடுத்து நற்பயனுக்குச் செலவிட்டார் என்று சான்று காட்டினாரோ, அதற்கேற்ப அவருக்கு அனுமதி. பாசனத்தாருக்கு மட்டும் ஒரு தனிக் காப்பு: அக்காலத்தில் ஏதேனும் ஓராண்டில் உண்மையாகப் பாய்ச்சிய ஒவ்வோர் ஏக்கருக்கும் ஆண்டுக்கு இரண்டு ஏக்கர்-அடிக்குக் குறையாமல் கொடுத்தாக வேண்டும். மழை போக, ஏக்கருக்கு 24 அங்குல நீர். நெல்லுக்கு இது போதாது. அங்குள்ள மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும், சாலில் விட்டு வீணாக்காமல் தெளிப்பானில் பாய்ச்சினால் போதும்.

அந்த இரண்டு அடியில் ஓரடி நிலத்தை விட்டுப் பிரியலாகாது என்றும் சட்டம் விதித்தது. மற்ற ஓரடியை நகரத்துக்குக் குத்தகைக்கு விடலாம், விற்கலாம். கடன்பட்ட குடியானவன் அவசரத்தில் நீர் முழுவதையும் விற்றுவிட்டு வறண்ட நிலத்தோடு நிற்கும் நிலை வாராதிருக்க இந்த ஏற்பாடு. வரம்பு வைத்த அன்றே நீருக்கு விலையும் பிறந்தது என்பதைக் குடியானவர் மெல்ல உணர்ந்தனர். வரம்பில்லாத காலத்தில் அவனுடைய உரிமையை எவரும் வாங்க வரவில்லை. அடுத்த நிலத்தில் இன்னோர் ஆழ்குழாய் இறக்கினால் இனாமாகக் கிடைப்பதை விலைக்கு வாங்குவார் யார்?

ஆயினும் இச்சட்டம் எல்லோருக்கும் நீதி செய்துவிட்டது என்று நாம் சொல்லமாட்டோம். பழைய செலவே புதிய உரிமைக்கு அளவுகோல் என்றால், தாராளமாகக் கொட்டியவனுக்குத் தாராளம், சிக்கனமாயிருந்தவனுக்குச் சிக்கனம் என்றாகிவிடுகிறது. மெடினாவில் ஒரு தம்பதியர் பீகான் என்னும் கொட்டைமரத் தோப்பு வைத்திருந்தனர். கணக்கெடுத்த காலத்தில் அவர்களுடைய மரங்கள் இளங்கன்றுகள். கன்றுக்கு வேண்டிய நீர் சிறிது. மரம் முதிர்ந்து காய்ப்புக்கு வந்தபோது வேண்டிய நீர் பெரிது. அனுமதியோ கன்றின் அளவு. தென்னங்கன்று வைத்த எவருக்கும் இந்தத் துயரத்தை விளக்க வேண்டியதில்லை. சான் அந்தோனியோவுக்குத் தெற்கே வேறிரு விவசாயிகள் 700 ஏக்கர்-அடி கேட்டு, 14 மட்டுமே பெற்றனர். இவர்கள் வழக்கில் 2012 பிப்ரவரியில் டெக்ஸாஸ் உச்சநீதிமன்றம் ஒரு பெரிய தீர்ப்பை வழங்கியது: நிலத்தின் அடியில் இருக்கும் நிலையிலேயே நீர் நிலச்சொந்தக்காரனுடைய உடைமை, அதைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமுண்டு, ஆனால் கட்டுப்பாடு மிகுந்து உடைமையைப் பறித்ததற்கு ஒப்பானால் ஈடு கொடுக்க வேண்டியிருக்கும். பீகான் தோப்புக்காரர்களுக்குச் சுமார் 25 இலட்சம் டாலர் ஈடு என்று 2016-இல் ஜூரி கூறியது. நீதி கிடைத்தது, ஆனால் ஆணையம் இயங்கத் தொடங்கி இருபது ஆண்டு கழிந்த பிறகு. மரத்துக்கு வறட்சி அத்தனை நாள் காத்திருக்குமா?

இந்தத் தீர்ப்பைக் கொண்டு வரம்பு உடைந்தது என்று மகிழ்ந்தவர் உண்டு. வரம்பு உடையவில்லை. இதற்கிடையே அனுமதிகளின் மொத்தம் தலைவரம்பை மிஞ்சிவிட்டமையால், 2007-இல் சட்டசபை அதை 5,72,000 ஏக்கர்-அடியாக, அதாவது ஏறத்தாழ 25 டி.எம்.சி.யாக உயர்த்தியது. கூடவே, ஊற்றுகளைக் காக்கும் திட்டமொன்றை எல்லாத் தரப்பாரும் உட்கார்ந்து பேசி வகுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பாசனத்தார், மாநகரத்தார், ஆற்று வாரியத்தார், சூழல் சங்கத்தார் எல்லாரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். நீதிமன்றத்தில் பதினைந்து ஆண்டுகள் எதிரெதிரே நின்றவர்கள் இவர்கள். 2013-இல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது.

அதில் நமக்குச் சுவையானது குடியானவருக்கென வைத்த பகுதியே. சான் அந்தோனியோவில் ஓர் அளவுக் கிணறு உண்டு. ஜே-17 என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேல் 660 அடிக்குக் கீழே அதன் நீர்மட்டம் இறங்கினால் அனுமதிகளில் 20 விழுக்காடு குறையும். 625 அடிக்குக் கீழே இறங்கினால் 44 விழுக்காடு. (1956-இல் அது 612 வரை இறங்கிற்று.) இந்தக் கட்டாயக் குறைப்பு அல்லாமல், மனமுவந்து நிறுத்தும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. அக்டோபர் முதல் தேதி ஜே-17 635 அடியிலோ அதற்குக் கீழோ இருந்தால், ஒப்பந்தம் செய்துகொண்ட பாசனக்காரர் அடுத்த ஆண்டு அந்த நீரை இறைப்பதில்லை. விதைப்புக்கு முன்பே தெரிந்துவிடுவதால் பாதிப் பயிரில் கைவிடும் நட்டமில்லை. தொடக்கத்தில் இதற்கு, நல்ல ஆண்டாயினும் சும்மா ஒப்புக்கொண்டதற்கே ஏக்கர்-அடிக்கு 50 டாலர்; நிறுத்திய ஆண்டில் மேலும் 150 டாலர். இவ்வாறு 40,000 ஏக்கர்-அடியைப் படுகையிலேயே விட்டுவைப்பது அப்போதைய நோக்கமாயிருந்தது. பணம் பெரும்பாலும் நகரங்களும் தொழிற்சாலைகளும் செலுத்தும் கட்டணத்திலிருந்து வருகிறது. விவசாயிக்குக் கட்டணம் ஏக்கர்-அடிக்கு 2 டாலருக்கு மிகலாகாது என்பது சட்டம். மாநகரமோ நல்ல மழைக்காலத்தில் தன் பங்கு நீரை வேறொரு மணற்படுகையில் இறக்கிச் சேமித்து, வறட்சியில் அதை எடுத்துக்கொள்கிறது.

மீன் என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். 2022, 2023 ஆண்டுகளின் வறட்சியில் கோமலின் சில கண்கள் வறண்டன. ஆனால் 1956-இல் போல ஊற்று முழுதும் நிற்கவில்லை. ஊற்று டார்ட்டர் இருக்கிறது. காட்டரிசி நட்டுப் பரப்பப்பட்டு முன்னிலும் செழித்தது. சான் மார்கோஸ் காம்பூசியா என்னும் வேறொரு குறுமீனுக்கு இவையெல்லாம் பிந்திவிட்டன. 1983-க்குப் பிறகு எவரும் அதைக் கண்டதில்லை. 2023 அக்டோபரில், அற்றுப்போயிற்று என்று கூறி அரசாங்கம் அதன் பெயரைப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது.

2013-இல் பெற்ற உயிரினப் பாதுகாப்பு அனுமதியின் காலம் பதினைந்து ஆண்டுகள். 2028-இல் அது முடிகிறது. அதற்கடுத்த அனுமதிக்கு, வறட்சி முன்னிலும் கடுமையாகலாம் என்பதையும் வைத்துக் கணக்கிட வேண்டியிருக்கிறது. ஊற்றுக்கு எத்தனை கன அடி, ஏக்கருக்கு எத்தனை அடி, நிறுத்துபவனுக்கு எத்தனை டாலர் என்பன மறுபடியும் மேசைக்கு வருகின்றன.